யார்க் நகரின் அழுகாத குப்பை

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் புதுக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டப்படும்போதெல்லாம், காலம் உறைந்து நின்றதாகச் செய்திகள் வருகின்றன. காலம் எங்கும் உறைவதில்லை. அப்படித் தோன்றுவதற்குக் காரணம் ஆக்சிஜன் பஞ்சமே என்பதற்கு, யார்க் நகரின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு நல்ல சான்று.

866இல் வைக்கிங்குகள் கைப்பற்றிய இந்நகரின் மன்னர் வரிசை வேறு நூல்களில் வேண்டிய மட்டும் உண்டு. காப்பர்கேட்டின் பத்தாம் நூற்றாண்டு மண்ணில் கிடைத்தவை, மரக்கிண்ணம் கடைந்தோரும் தோல் தைத்தோரும் துணிக்குச் சாயமேற்றியோரும் கொல்லைக் குழிகளில் எறிந்த கழிவுகள்.

மரத்தையும் தோலையும் தின்னும் பூஞ்சைகளுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் தேவை. அதுவோ காற்றைவிடத் தண்ணீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஊஸ், ஃபாஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்நிலத்தில் மரச்சீவல்களும் சாணமும் வைக்கோலும் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, நுண்ணுயிரிகள் உள்ளிருந்த ஆக்சிஜனை முதல் பந்தியிலேயே தீர்த்துவிட்டுத் தம் பசியாலேயே முடங்கின. அதன்பின் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் வேறு பாக்டீரியாக்கள் மந்தகதியில் தொடர்ந்தன. மண்ணின் கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் அவற்றின் உபயம். மாங்காய் ஊறுகாயின் மேல் மிதக்கும் எண்ணெயின் வேலையை இங்கே தண்ணீர் செய்தது. ஈரக்கரண்டி பட்ட ஊறுகாயில் பூசணம் பூப்பதுபோல, அகழ்வோரின் கொத்துக்கரண்டி பட்டதும் காற்று புகுந்து அழுகல் மீண்டும் தொடங்கும். ஜாடிக்குள் ஈரம் பகை, மண்ணுக்குள் ஈரமே காவல் என்னுமிடத்தில் உவமை உடைந்துபோவது உண்மைதான்.

வண்டுகளின் சிறகுறைகள், பழக்கொட்டைகள், தோல் காலணிகள், ஒற்றை ஊசியால் பின்னிய கம்பளிக் காலுறை ஆகியவை இவ்வாறே தப்பின. 1972இல் இதே நகரில் வங்கிக் கட்டடம் எழவிருந்த இடத்தில் கிடைத்த, சுமார் 20 செ.மீ. நீளமுள்ள மனித மலக்கட்டி, தானியத் தவிடும் சாட்டைப்புழு முட்டைகளும் நிறைந்தது. வைக்கிங்குகளின் உணவுப் பழக்கத்துக்கே அது சான்றாக விளம்பரப்படுத்தப்பட்டாலும், உள்ளபடி ஒரே ஒருவரின் ஓரிரு நாள் வயிற்றுக் கணக்குதான். காப்பர்கேட் கழிவுக் குழிகளில் அத்தகைய முட்டைகள் திரும்பத் திரும்பக் கிடைத்ததே ஊரைப் பற்றிய செய்தி.

நீரில் கிடந்த மரமும் முழுமையாகப் பிழைத்ததன்று. அதன் செல்லுலோஸ் பெரும்பகுதி சிதைந்து, உள்ளே புகுந்த தண்ணீரே வடிவத்தைத் தாங்கி நிற்பதால், வெறுமனே உலரவிட்டால் மரம் சுருங்கி வெடித்துவிடும். ஆகவே தண்ணீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைகால் என்னும் மெழுகுப்பொருளை மெல்ல மெல்ல ஊறவைத்தே அதைக் காக்கின்றனர். அகழாய்வு நடந்த இடத்திலேயே 1984இல் திறக்கப்பட்ட யார்விக் மையம் என்னும் அருங்காட்சியகத்தில் செயற்கையாகப் பரப்பப்படும் பழங்கால நாற்றத்துக்குக் கூட்டம் சேருகிறது. அறிவியல் அங்கே இருப்பது மெழுகேறிய அந்த மரங்களில்.