செவிவழி – 9: சங்குக்குள் ஒரு புல்

உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை என்பதுவரை போன வாரம் வந்திருந்தோம்.

அந்தச் செல்களின் வேலையை மின்சாரத்தால் செய்ய உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்துகிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு குடும்பம் வழிமறிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கேம்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார், இந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரீம் கிளார்க்கின் அப்பா. அவருக்குக் காது மந்தம். மருந்துக்கடையில் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லி வாங்க முடியுமா? வந்தவர்கள் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கேட்டவருக்கும் கூச்சம், கேட்காதவருக்கும் கூச்சம். அதைப் பார்த்து வளர்ந்த மகன் காது டாக்டர் ஆனார்.

உள்காதுக்குள் மின்சாரம் பாய்ச்சிக் கேட்க வைக்கும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் எய்ரியேவும் செய்து பார்த்தார்கள். 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் செய்தார். ஒற்றைக் கம்பியில் சத்தமும் தாளமும் கிடைத்தன, பேச்சு பிடிபடவில்லை. உள்காதிலுள்ள காக்ளியா இரண்டரைச் சுற்றுச் சுருள். கீச்சுக்குரலை அதன் வாசல் பகுதியும், கனத்த குரலை உள்கோடியும் வாங்கிக்கொள்கின்றன. பேச்சு விளங்க வேண்டுமானால் பல மின்முனைகள் உள்ளே வெவ்வேறு இடங்களில் உட்கார வேண்டும். நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர்தான் வரும் அந்தச் சுருள். அதற்குள் வளைந்து போகாமல் கம்பிகள் சண்டித்தனம் செய்தன.

இனி வருவதுதான் என்னை இந்த வாரம் முழுக்க ஆட்டிவைத்த சேதி. 1977. சிட்னிக்குத் தெற்கே மின்னமுரா கடற்கரை. கிளார்க் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருக்கிறார். கரையில் கிடந்த ஒரு சங்கை எடுத்து, அதன் வாய்க்குள் புல்லைச் செருகிப் பார்க்கிறார். அடி விறைப்பாகவும் நுனி துவளலாகவும் இருந்த புல், சுருளின் வளைவுகளில் தானாக நழுவிக்கொண்டே போகிறது! கம்பிக்கும் அதுதான் வழி என்று பிடித்துக்கொண்டார் மனிதர். நுனி இளகலாக, அடி இறுகலாக மின்முனைக் கொத்து உருவானது.

இதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டு ராமேஸ்வரத்துச் சங்குக்கு ஓய்வில்லை. தென்னங்குச்சி முதல் வளைவிலேயே முட்டி நின்றது. அருகம்புல் போயே போய்விட்டது. அதை வெளியே எடுப்பது எப்படி என்று வீட்டம்மா கேட்டதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.

1978 ஆகஸ்ட் 1. மெல்போர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குக் கிளார்க்கின் கருவி பொருத்தப்பட்டது. கார் விபத்தில் செவித்திறனை இழந்தவர். பின்னால் நடந்த சோதனையில் தேசிய கீதத்தை மின்துடிப்பாக மாற்றி அனுப்பியதும், சாண்டர்ஸ் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். உதட்டைப் பார்க்காமலே அவர் சொற்களைத் திருப்பிச் சொன்ன நாளில், கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் ஆனந்தத்தில் அழுதாராம்.

இன்று இந்த ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேர வேலை. காதின் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து போகிற வழியில் இரண்டு நரம்புகள் காவலுக்கு நிற்கின்றன. ஒன்று முகத்தை அசைப்பது. மற்றது நாக்கின் சுவையை மூளைக்கு எடுத்துப்போவது. நடுவில் உள்ள சில மில்லிமீட்டர் இடுக்குதான் டாக்டருக்குப் பாதை. சுவை நரம்பு சற்றே உரசப்பட்டாலும் சிலருக்குக் கொஞ்ச காலம் நாக்கில் உலோக ருசி தங்கிவிடும். காதில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர் ரசத்தைக் குறை சொன்னால், வைத்தவர் மேல் குற்றமில்லை.

குடும்பம் தயாராக இருக்க வேண்டியது இதற்கடுத்த நாட்களுக்கு. ஆபரேஷன் முடிந்த கையோடு எதுவும் கேட்காது. புண் ஆறி, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை மாட்டி 'ஸ்விட்ச் ஆன்' செய்வார்கள். அதற்குள், "அவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணியும் புள்ள திரும்பலையே" என்று உறவுக்கூட்டம் தாயைக் குடைந்துவிடும். அந்த நாளும் வந்து அப்பா ஆசையாகக் கூப்பிட்டால், குழந்தை வீறிட்டு அழலாம். அதற்கு ஒலி என்பதே புதிது. பேச்சு வருவதற்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்காக வேலையை விட்டவர்களில் தாய்மார்களே அதிகம் என்று எந்தப் பயிற்சி மையத்தின் வாசலில் நின்றாலும் தெரியும்.

அந்தத் தாய்மார்கள், கவனிப்பாரற்றுப் போகும் மூத்த பிள்ளை, "யார் வம்சத்துல இருந்து வந்துச்சு" என்ற மாமியார் வழக்கு – எல்லாம் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. சங்கு இடத்தை அடைத்துக்கொண்டது.

அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் காது பரிசோதனை ஆயிற்றா என்று விசாரியுங்கள். ஓஏஇ, பெரா இரண்டும் வலியில்லாத சோதனைகள். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. ஆனால் ஆறு வரை காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு முன்னால் செய்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். கதவை அறைந்தால் திரும்புகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். காது கேட்காத குழந்தையும் அதிர்வுக்குத் திரும்பும்.