பால்வீதியின் நடுவில் மிஞ்சும் வெளிச்சம் யாருடையது?

2008 ஜூனில் நாசா ஏவிய ஃபெர்மி தொலைநோக்கி, காமா கதிர்களை (மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளி) ஒவ்வொரு ஃபோட்டானாக (ஒளித்துகள்) எண்ணிவருகிறது. நம் பால்வீதியின் மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அங்கிருந்து, தெரிந்த மூலங்களின் கணக்குக்கு மிஞ்சிய காமா ஒளி வருவதாக 2009இல் லிசா குட்இனஃப், டான் ஹூப்பர் இருவரும் எழுதினார்கள்.

யார் மேல் சந்தேகம்? இருவர் மேல். ஒன்று, கரும்பொருள் (ஈர்ப்பால் மட்டுமே இதுவரை தெரியவந்த பொருள்). அதன் துகள்கள் மோதி அழிந்தால் காமா ஒளி பிறக்கலாம். மற்றொன்று பல்சார்கள் (வேகமாகச் சுழலும் செத்த விண்மீன்கள்), கூட்டமாக.

படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. இந்தக் காமா ஒளியில் ஃபெர்மி எடுக்கும் படத்தில் ஒரு புள்ளிகூட முழு நிலவைவிட அகலமாகக் கலங்கித் தெரியும். மங்கலான பல்சார்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பிறகு எப்படிப் பிரிப்பது? முற்றத்தில் தூறல் விழுந்தால் தரை ஏறக்குறைய சீராக நனையும். ஓட்டுக்கூரை ஒழுகினால் ஓட்டைக்குக் கீழேதான் சொட்டும். அதுபோலக் கரும்பொருளின் ஒளி சீராகப் பரவும்; பல்சார்களின் ஒளி புள்ளிபுள்ளியாக விழும். எனவே வானத்தைச் சிறு கட்டங்களாக்கி ஃபோட்டான்களை எண்ணுகிறார்கள். சராசரி 4 என்று வையுங்கள். ஒளி சீராகப் பரவியிருந்தால், 12க்கு மேல் விழும் கட்டம் ஆயிரத்தில் ஒன்றுகூட இராது. பாய்சான் பரவல் (தற்செயல் எண்ணிக்கைகளின் கணக்கு) சொல்வது இது. அப்படிப்பட்ட கட்டங்களும் வெறுங்கட்டங்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால், தனித்தனி மூலங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். எந்தப் பல்சார் எங்கே என்று காட்ட வேண்டியதே இல்லை. இந்த முறையின் அழகே அதுதான்.

2016இல் இப்படி எண்ணிய ஒரு குழுவும், வேறு கணக்கு போட்ட இன்னொரு குழுவும் பல்சார் பக்கமே சாய்ந்தன.

அப்படியானால் முடிவு தெரிந்துவிட்டதா? இல்லை. முதல் குழுவில் இருந்த டிரேசி ஸ்லேட்டியரே 2019இல் ரெபெக்கா லீனோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். உண்மைத் தரவில் போலியான கரும்பொருள் ஒளியைக் கலந்து அதே கணக்கைப் போட்டார்கள். கணக்கு அதையும் புள்ளி மூலங்கள் என்றது! நம் சொந்த முறையையே இப்படிக் கூண்டில் ஏற்றுவது எளிதல்ல.

ஏன் ஏமாந்தது? விண்வெளி வாயுவில் காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியில் விரையும் மின்னூட்டத் துகள்கள்) மோதுவதாலும் அந்தத் திசையில் ஏராளமான காமா ஒளி எழுகிறது. அதன் வரைபடம் துல்லியமாக இல்லை. வரைபடம் பிசகிய இடத்தில் கூடிக் குறையும் எண்ணிக்கை, புள்ளிகளைப் போலவே வேஷம் போடும்.

இதில் உங்களுக்கு என்ன? ‘கரும்பொருள் சிக்கியது’ என்றோ ‘பல்சார்தான், உறுதி’ என்றோ செய்தி வந்தால் இரண்டைத் தேடிப் பாருங்கள். பின்னணி வரைபடத்தை மாற்றிப் போட்டும் அதே விடை வந்ததா? போலி ஒளியைக் கலந்து கணக்கைச் சோதித்தார்களா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், தலைப்பை நம்ப அவசரப்படாதீர்கள். பல்சார்கள் ரேடியோ அலையும் வீசுவதால், ரேடியோ தொலைநோக்கிகள் அவற்றை அங்கே கூட்டமாகக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தால், அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம்.