ஐந்துக்கும் ஒன்றரைக்கும் நடுவே

சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆயாவும் நானுமாக இருபது, இருபத்தைந்து பிள்ளைகளை மேய்த்திருக்கிறோம். இப்போது சென்னையில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பேத்திக்கு ஐந்து வயது, பேரனுக்கு ஒன்றரை. "அத்தனை பிள்ளைகளைப் பார்த்தவங்களுக்கு இந்த ரெண்டும் எம்மாத்திரம் ஆச்சி?" என்று மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கிறார்கள். மையத்தில் இருந்த பந்தும் பொம்மையும் அரசாங்கத்துச் சாமான். எந்தப் பிள்ளைக்கும் சொந்தமில்லை. பாட்டுக்கும் கதைக்கும் வந்து உட்காருகிற பிள்ளைகளும் இரண்டு வயதைத் தாண்டியவர்கள். வீட்டில் அப்படியா? ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். அது தனக்குத்தான் என்று நினைக்கிற இன்னொருவனும் இருக்கிறான்.

காலையில் சண்டை ஷூவில் ஆரம்பிக்கும். பள்ளி வேன் கீழே ஹாரன் அடிக்கும். அக்காவின் ஷூ ஒன்றில் காலை விட்டுக்கொண்டு இவன் நடுக்கூடத்தில் நிற்பான். பிடுங்கினால் அலறுவான். அவனுடைய அப்பாவின் பழைய செருப்பை முன்னால் வைத்தால் ஷூவை விட்டுவிடுவான். இந்த வயதில் அறிவுரை ஏறாது. கையில் இருப்பதை விட வேண்டுமானால் வேறொன்று வந்தாக வேண்டும்.

சாயங்காலத்துச் சண்டைதான் பெரியது. பேத்தி கட்டைகளை அடுக்கி கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு கட்டுவாள். டிக்கெட் கொடுக்கிற இடம், பூக்கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. தம்பி வந்து ஒரே தட்டு. கட்டைகள் சரிகிற சத்தத்தில் அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அவள் கட்டியது பஸ் ஸ்டாண்டு என்பது அவனுக்குத் தெரியாது. தட்டினால் விழுகிறது, மறுபடி தட்டினால் மறுபடி விழுமா என்பதுதான் அவனுடைய கேள்வி. இது நம் வீட்டில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் என்று ஒன்று உண்டு. நாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் அழிக்காதே என்று சிறுமிகள் பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுவார்கள். முருகனே அழித்திருக்கிறான், இவன் எந்த மூலைக்கு.

இந்த நேரம் பார்த்து வீட்டுக்கு யாராவது வந்திருப்பார்கள். "நீ பெரியவதானே, தம்பிக்கு விட்டுக்கொடு" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். இவன் பிறந்த அன்று அவளுக்கு மூன்றரை வயது. அன்றைக்கு மூத்தவளானவளை இன்னும் எத்தனை தடவைதான் பெரியவளாக்குவது? விட்டுக்கொடுக்கிற வேலை முழுவதையும் ஐந்து வயதின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. வந்தவர்கள் முகம் சுளித்தாலும் சொல்லிவிடுவேன்.

'சேர்ந்து விளையாடுங்கள்' என்கிறோமே, அதற்கும் ஒரு வயது வரவேண்டும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி பாலர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக விளையாடுவது, அடுத்தவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, பிறகுதான் கூடி விளையாடுவது என்று படிப்படியாக வகைப்படுத்தினார். என் பேத்தி கூடி விளையாட ஆள் தேடுகிறாள். பேரன் பார்க்கிற இடத்துக்கும் பக்கத்தில் உட்கார்கிற இடத்துக்கும் நடுவில் நிற்கிறான். அவனைக் கண்டக்டராக்கப் பார்த்து அவள் அழுவதும் அதனால்தான்.

சண்டையாவது சத்தத்தோடு வரும். எனக்குப் பயமெல்லாம் சத்தமில்லாமல் வருவதில்தான். ஊரிலிருந்து கடலைமிட்டாய் வந்தால் பேத்தி கடித்துத் தின்னலாம். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை ஆகாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். அவன் பங்கை இடித்துத் தூளாக்கித்தான் கொடுக்கிறேன். பாட்டுப் பாடுகிற பொம்மைக்குள் இருக்கிற பொத்தான் பேட்டரி அதைவிடப் பொல்லாதது. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். சந்தேகம் என்றாலே வாழைப்பழம், சோறு என்று வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். திருகாணி போட்டு மூடாத பொம்மை எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது. குளியலறை வாளியில் ராத்திரி தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கத்தையும் நிறுத்தியாயிற்று. தலை கனத்த இந்த வயதுப் பிள்ளை குப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரிலேயே உயிர் போய்விடும்.

சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக ஒரு வாக்கர் வாங்கி வந்தார். பிள்ளையை நடுவில் உட்கார வைத்து உருட்டுவார்களே, அது. கனடாவில் 2004இலேயே அதை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். படியில் உருண்டு விழுந்து மண்டை உடைந்த பிள்ளைகள் அவ்வளவு பேர். நாங்கள் இரண்டாம் மாடி. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்று தள்ளுகிற மர நடைவண்டியை ஊரிலிருந்து வரவழைத்தேன். அதையும் படிக்கட்டுப் பக்கம் விடுவதில்லை.

தூக்கம் இன்னொரு தலைவலி. ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகலும் இரவுமாக 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சொல்வது சுலபம். அவன் பகலில் கண் அசருகிற நேரமும் அக்கா பள்ளிவிட்டு வந்து கதவைத் தட்டுகிற நேரமும் ஒன்று. வேன் சத்தம் கேட்டதும் நானே கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன். பள்ளிக்கதையை அவள் அடுப்படியில் நின்று என் காதில் சொல்வாள். அந்த அரைமணி அவளுக்கே அவளுக்கு. தோசை வார்த்துக்கொண்டே கேட்பேன். குறுக்கே கேள்வி கேட்டால் கோபம் வரும் அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கும் ஒரு வழி பிறந்தது. மகள் கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த தேக்குக் கட்டில் பழைய மாடல், நல்ல உயரம். பேத்தி ஏறிவிடுவாள். பேரன் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்ப்பான், ஏற முடியாது. மெத்தையை உருவிக் கூடத்தில் போட்டுவிட்டு, பலகையை அவளுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது கோயம்பேட்டுக்குப் பக்கத்தில் மெட்ரோ வேலையும் நடக்கிறது. மகளும் மருமகனும் தரையில் படுக்கிறார்கள். மருமகனுக்கு லேசாக முதுகுவலி. மெட்ரோ எப்போது முடியும் என்று மகளிடம் கேட்டாராம்.