கேம்பஸில் ஒரு சம்பவம்... "எனக்கு ஒண்ணும் ஆகலையே, ஆனா ஏன் தூக்கம் வரலை?"

காலையில் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். மதியத்துக்குள் கேட் முன்னால் டி.வி சேனல் வேன்கள். சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன், "பேசாம வீட்டுக்குக் கிளம்பி வந்துடு." மறுநாள் 9 மணிக்கு வழக்கம்போல இன்டர்னல் எக்ஸாம்! பாலியல் அத்துமீறல் நடந்த ஒரு கேம்பஸில் அடுத்த சில நாள்கள் இப்படித்தான் போகும். அது உங்களுக்கே நடந்திருக்கலாம், ரூம்மேட்டுக்கு நடந்திருக்கலாம், பெயர்கூடத் தெரியாத ஜூனியருக்கு நடந்திருக்கலாம். ஆனால், ராத்திரி தூக்கம் தொலைவது பல பேருக்கு.

"எனக்கு எதுவும் நடக்கலையே, நான் ஏன் அழறேன்?" என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு, நேரடியாகப் பாதிக்கப்பட்டவரை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணால் பார்த்தவர், நெருங்கிய தோழிக்கு நடந்ததைக் கேள்விப்பட்டவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். தினமும் டீ குடிக்கப் போகும் பாதையிலேயே ஆபத்து என்று தெரிந்ததும் மூளை அலாரத்தை ஆன் செய்துவிடுகிறது. பின்னால் யாராவது நடந்தால் நெஞ்சு படபடக்கும், சாப்பாடு இறங்காது. சிலருக்கு எதுவுமே தோன்றாமல் மரத்துப்போன மாதிரி இருக்கும். அதுவும் நார்மல்தான். "கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே" என்று ஊர் கேட்கும். பயத்தில் உடம்பு அப்படியே உறைந்துபோவதும் உடம்பின் ஒரு தற்காப்புதான். அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படபடப்பு சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும். அதுவரை பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுவது, ஒரே நேரத்துக்குப் படுப்பது, நம்பிக்கையான ஒரே ஒரு ஆளுடன் தினமும் கொஞ்சம் நடப்பது போதும். அந்த வீடியோவை, சி.சி.டி.வி காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி தூக்க மாத்திரை போடவே போடாதீர்கள்.

சில கல்லூரிகள் உடனே எல்லோரையும் செமினார் ஹாலில் உட்காரவைத்து, "மனசுல இருக்கறதைக் கொட்டுங்க" என்று மைக்கை நீட்டும். நல்ல எண்ணம்தான். ஆனால், நடந்ததை ஒரே சிட்டிங்கில் முழுக்கச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. "இப்போ பேச விருப்பமில்லை மேம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடீர் நடுக்கம், அந்த பிளாக் பக்கமே போக முடியாத நிலை என்று தொடர்ந்தால் மனநல மருத்துவரையோ சைக்காலஜிஸ்ட்டையோ பாருங்கள். இதற்கென்றே பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு மாதம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும். 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது.

"வெளியே தெரிஞ்சா?"

பலர் வாய் திறக்காததற்கு இந்த ஒரு கேள்விதான் காரணம். பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி தைரியமாகப் புகார் கொடுத்தார். அவருடைய விவரங்களுடன் எஃப்.ஐ.ஆர் இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் புகார்தான் இத்தனைக்கும் ஆரம்பம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ் 72-வது பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறை. உங்கள் குரூப்பில் யாராவது "இவதான்டா அது" என்று போட்டோ போட்டால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டது நீங்களே என்றால், மனசுக்கு முன்னால் உடம்பு. கருத்தடை மாத்திரை, ஹெச்.ஐ.வி தடுப்பு மருந்து இரண்டுக்கும் 72 மணி நேரம் முக்கியம். முடிந்தவரை சீக்கிரம் போங்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். போலீஸுக்கும் அவர்கள் தகவல் சொல்வார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். போலீஸில் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 181 பெண்கள் உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

கல்லூரிக்குள் உள்புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கூட்டித் தருவார்கள். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: 2015 யு.ஜி.சி விதிகளின்படி, விசாரணை நடக்கும்போது 3 மாதம் வரை விடுப்பு கேட்கலாம், உங்கள் நிலையோ சலுகைகளோ பறிபோகாது. குற்றம்சாட்டப்பட்டவர் பேராசிரியர் என்றால் அவர் உங்கள் பேப்பரைத் திருத்தக் கூடாது என்றும் கேட்கலாம்.

பக்கத்தில் இருக்கும் ஃப்ரெண்டா நீங்கள்? "அந்த நேரத்துல அங்க ஏன்டி போன?" என்ற கேள்வியை மட்டும் விழுங்கிவிடுங்கள். அதை போலீஸ், வார்டன், சித்தப்பா எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். "சாப்டியா? நாளைக்கு ஆபீஸுக்கு நானும் வரேன்" என்று சொல்லுங்கள். அவள் உள்ளே பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும்!