கெமராவுக்காகக் காப்பை அடகு வைக்க வேண்டாம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் என் மருமகனுக்குப் புகைப்படத்தில் ஆசை வந்துவிட்டது. கடையில் 24 மெகாபிக்சல் புதுக் கெமரா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். பேக், ட்ரைபொட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரு விலை. அதற்காக ராத்தா தன் காப்பை அடகு வைக்கப் புறப்பட்டபோதுதான் நான் குறுக்கிட்டேன்.

"எடுக்கிற படத்தை எதில பார்ப்பாய் மகன்?" என்று கேட்டேன். "ஃபோன்லதான் மாமா" என்றான்.

6x4 அங்குலப் படம் ஒன்றைத் தெளிவாக அச்சிடவே சுமார் 2 மெகாபிக்சல் போதும். 2016இல் வந்த கெனன் 1300டி கெமராவில் 18 இருக்கிறது. அதைப் பாவித்ததாக வாங்கி, மிச்சப் பணத்தில் 50மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கலாம் என்றேன். கெமராவோடு வரும் 18-55 லென்ஸை 55இல் வைத்தால் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. இந்தச் சிறிய லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரவில், வீட்டு பல்ப் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் உம்மாவை எடுக்க அதுதான் வேண்டும். ஒரு குறை, சின்ன அறையில் முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போக வேண்டியிருக்கும்.

நிக்கொன் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கெமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸாகப் பார்த்து எடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும்.

பாவித்த பொருளில் நான் பயப்படுவது பூஞ்சணத்துக்குத்தான். விற்பவர்கள் 'ஃபங்கஸ்' என்பார்கள். நம் நாட்டு ஈரக்காற்றில், அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் அது இலகுவாக வளரும். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கடை வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல நூல்கள். ஆகவே லென்ஸின் ஒரு பக்கத்தால் ஃபோன் டோர்ச்சை அடித்து, மறுபக்கத்தால் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிறகு எஃப்/16இல் வெள்ளைச் சுவர் ஒன்றைப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். சென்சரில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறல் என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் விலையுயர்ந்த பேக் தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சில சிலிக்கா ஜெல் பொதிகளும் போதும்.

மருமகன் அப்படியே வாங்கினான். காப்பு ராத்தாவின் கையில்தான் இருக்கிறது. ட்ரைபொட் எப்போது என்று நேற்றுக் கேட்டான். நோன்பு முடியட்டும் என்றேன்.