கொசுவுக்கு நம் இரத்தம் எதற்கு?



கொசு பசிக்காகக் கடிக்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். அதன் அன்றாடப் பசிக்குப் பூந்தேனும் செடிகளின் இனிப்புச் சாறும் போதும். ஆண் கொசு கடிப்பதே இல்லை. பெண் கொசு கடிப்பது முட்டைக்காக. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

கோழி முட்டையின் மஞ்சள் கரு, குஞ்சு வளர்வதற்கான உணவு. கொசு முட்டைக்கும் அத்தகைய உணவு வேண்டும். அதற்கான புரதம் கொசுவின் வயிற்றிலுள்ள கொழுப்புத் திசுவில் உண்டாகி, கொசுவின் இரத்தத்தில் கலந்து, பிறகு முட்டைக்குள் சேர்கிறது. கொசுவின் இரத்தம் சிவப்பன்று. அடித்தால் கையில் ஒட்டும் சிவப்பு, அது குடித்த இரத்தமே. பெண் பூச்சியின் இரத்தத்திலுள்ள புரதம் முட்டைக்குள் செல்வதை, 1954-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் டெல்ஃபர் செக்ரோப்பியா என்னும் பெரிய பட்டு அந்துப்பூச்சியில் கண்டு கூறினார்.

இந்தப் புரதத்தை எப்போது செய்வது என்று கட்டளையிடுபவை இயக்குநீர்கள். காலைப் பெரட்டில் ஆட்கள் ஆயத்தமாக நின்றாலும், மண்டோர் சொன்ன பிறகுதானே வேலை தொடங்குகிறது? கொசுவிலும் அப்படியே. அது இறக்கை பெற்று வெளிவந்த முதல் சில நாட்களில், இளமை இயக்குநீர் கொழுப்புத் திசுவை ஆயத்தப்படுத்துகிறது. ஆனால் வேலை தொடங்குவதில்லை. கொசு இரத்தம் குடித்ததும், மூளையிலிருந்து ஓர் இயக்குநீர் சூலகத்திற்குச் செல்கிறது. சூலகம் எக்டைசோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அதுவே மண்டோரின் கட்டளை. செரித்த இரத்தம் மூலப்பொருளாக, கொழுப்புத் திசு புரதத்தைச் செய்து குவிக்கிறது. ஏறத்தாழ ஒரு நாளில் இவ்வேலை உச்சத்தை அடைந்து, இரண்டு நாட்களுக்குள் நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் அளவில் சுமார் 100 முட்டைகள் ஆயத்தம்.

அடுத்த முறை முட்டையிட மீண்டும் இரத்தம் வேண்டும். ஆகவே கொசு இன்னொருவரை நாடுகிறது. டிங்கிக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் வழி இதுதான்.

இளமை இயக்குநீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. புழுப் பருவத்தில் அது கொசுவைப் புழுவாகவே வைத்திருக்கும். அதைப் போலச் செய்யப்பட்ட மெத்தோபிரீன் என்னும் மருந்தைத் தண்ணீரில் இட்டால், புழுக்கள் கொசுவாக மாற முடியாமல் மடிகின்றன.

மருந்து இல்லாவிட்டாலும் நம் கைகள் இருக்கின்றன. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எனவே வாரம் ஒரு முறை லயத்தைச் சுற்றியுள்ள டின்கள், பழைய டயர்கள், பூச்சட்டித் தட்டுகள் ஆகியவற்றின் நீரைக் கொட்டுங்கள். பால்வெட்டு இல்லாத நாட்களில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளைகளையும் இவ்வேலையில் பழக்குங்கள்.