அங்கீகாரத்துக்குக் காத்திராத பெண்கள்
மகளிர் றக்பி உலகக் கிண்ணம் பிறந்த கதை

மாலையில் பாடசாலை விட்டு வீடு திரும்பும் மகள், புத்தகப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டுகிறாள். பாடசாலையின் மகளிர் றக்பி அணியில் சேர்வதற்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டுமாம். தாய் தந்தையைப் பார்க்கிறார். தந்தை படிவத்தைப் பார்க்கிறார். "பெண்பிள்ளைக்கு ஏன் இந்த முரட்டு விளையாட்டு?" என்ற கேள்வி எழுகின்றது. புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழக்கூடிய கேள்விதான் இது. ஆயினும், இதே கேள்வியை ஆங்கிலேயரின் இல்லங்களிலும் நீண்ட காலம் கேட்டார்கள் என்பதையும், அதற்குச் சில பெண்கள் எவ்வாறு விடையளித்தார்கள் என்பதையும் நம்மில் பலர் அறியோம். அந்த வரலாற்றையே இக்கட்டுரை கூற முயல்கின்றது.

ஆட்டம் எத்தகையது?

இலங்கையில் 'றகர்' என வழங்கும் இவ்விளையாட்டைக் கண்டியிலும் கொழும்பிலும் கல்வி கற்றோர் நன்கறிவர். திரினிற்றி, றோயல் ஆகிய கல்லூரிகள் மோதும் பிராட்பி கேடயப் போட்டியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் ஊறிய ஏனையோருக்காகச் சில வார்த்தைகள் கூறுவோம்.

அணிக்குப் பதினைந்து பேர். ஆட்ட நேரம் 80 நிமிடங்கள். பந்து முட்டை வடிவமானது. பந்தைக் கையிலேந்தி முன்னோக்கி ஓடலாம், காலால் முன்னோக்கி உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியலாகாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறிய வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் பதித்தால் அது 'ட்றை'. முன்னாளில் அதற்கு 4 புள்ளிகள். 1992 முதல் 5 புள்ளிகள். பெண்களுக்கென நேரத்தைக் குறைத்த இலகுவான ஆட்டம் என்று எதுவும் இல்லை. ஆண்களுக்குள்ள அதே 80 நிமிடங்கள்தாம் அவர்களுக்கும்.

நால்வர் தொடங்கிய பணி

ஆண்களுக்கான முதலாவது றக்பி உலகக் கிண்ணம் 1987இல் நடைபெற்றது. பெண்களும் அப்போது நாடுகளுக்கிடையே ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1982இலேயே பிரான்சும் நெதர்லாந்தும் உற்றெஃக்ற் நகரில் மோதியிருந்தன. எனினும், சர்வதேச றக்பிச் சபை பெண்களுக்கென ஓர் உலகப் போட்டியை நடத்த முன்வரவில்லை.

இலண்டனின் றிச்மண்ட் கழகத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள் அப்பணியைத் தாமே தோளிற் சுமந்தனர். டெபோரா கிறிஃபின், சூ டொறிங்டன், அலிஸ் கூப்பர், மேரி ஃபோர்சைத் என்பன அவர்களின் பெயர்கள். மின்னஞ்சலும் கைத்தொலைபேசியும் பரவாத அக்காலத்தில், கடிதங்கள் வாயிலாகவும் தொலைநகல் வாயிலாகவும் நாடுகளை அழைத்தனர். ஆதரவு நிறுவனங்களைத் தேடி அலைந்தும் பெருந்தொகை எதுவும் கிடைக்கவில்லை. எனவே அணிகள் தத்தமது செலவைத் தாமே ஏற்க வேண்டியதாயிற்று.

சர்வதேசச் சபை இப்போட்டிக்கு அங்கீகாரம் வழங்கவில்லை. அப்பெண்களோ அதற்காகக் காத்திருக்கவில்லை. 1991 ஏப்ரல் மாதத்தில், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பன்னிரண்டு நாடுகளின் அணிகள் வந்து கூடின. இங்கிலாந்து, வேல்ஸ், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து, சுவீடன், யப்பான், சோவியத் ஒன்றியம் என்பன அவை.

வெறுங்கையுடன் வந்த அணி

இப்போட்டியில் எமது வாசகர்களின் நெஞ்சை அதிகம் தொடக்கூடியது சோவியத் அணியின் நிலையே. தம் நாட்டுப் பணத்தை வெளியே கொண்டுசெல்ல முடியாத அப்பெண்கள், வெளிநாட்டுப் பணம் ஏதுமின்றியே பிரித்தானியா வந்து சேர்ந்தனர். அவர்களின் பயணப் பொதிகளில் வொட்கா, ஷாம்பெய்ன், மீன்முட்டை உணவான கவியார், மரப்பொம்மைகள் என்பன இருந்தன. அவற்றை விற்று உணவுக்கும் தங்குமிடத்துக்கும் வழிதேடலாம் என்பதே அவர்களின் எண்ணம். தெருவில் விற்பனை தொடங்கவே சுங்க அதிகாரிகளின் பார்வை அவர்கள்மீது விழுந்தது.

செய்தி பரவியதும் உள்ளூர் மக்களும் வணிகர்களும் உணவும் பணமும் தந்து உதவினர். மொழி தெரியாத ஊரில், கையில் காசின்றி வந்து நிற்பதன் பொருள் யாதென்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் சோவியத் ஒன்றியம் என்ற நாடே இல்லாமற் போயிற்று. கார்டிஃப்பில் அவர்கள் அணிந்திருந்த சீருடை, உலகக் கிண்ணத்தில் மீண்டும் ஒருபோதும் காணப்படவில்லை.

1991 ஏப்ரல் 14ஆந் திகதி, புகழ்பெற்ற கார்டிஃப் ஆம்ஸ் பார்க் அரங்கில் இறுதியாட்டம் இடம்பெற்றது. அரையிறுதியில் நியூசிலாந்தை 7–0 என வென்ற அமெரிக்காவும், பிரான்சை 13–0 என வென்ற இங்கிலாந்தும் மோதின. அமெரிக்கப் பெண்கள் மூன்று ட்றைகளுடன் 19–6 என வாகை சூடினர். போட்டியை ஒழுங்குசெய்த நால்வருள் ஒருவரான சூ டொறிங்டன், இங்கிலாந்து அணியின் வீராங்கனையாகவும் அன்று களத்தில் நின்றார். அணிகளை அழைத்து, தங்குமிடம் தேடி, கணக்குப் பார்த்த கைகளே பந்தையும் ஏந்தின.

இடையில் அறுந்த நூல்

இரண்டாவது போட்டி 1994இல் நெதர்லாந்தில் நடைபெறுவதாக இருந்தது. சர்வதேசச் சபையின் அங்கீகாரம் இல்லாத நிலையில் டச்சுக்காரர் பின்வாங்கினர். அத்தோடு எல்லாம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் ஸ்கொட்லாந்து வீராங்கனைகள் முன்வந்து, ஏறத்தாழ மூன்று மாத காலத்துள் போட்டியை எடின்பரோவிலும் அயலிலும் நடத்திக் காட்டினர். சில நாடுகள் விலகிக்கொண்டதால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப ஸ்கொட்லாந்து மாணவியர் அணியொன்றும் களமிறங்கியது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் சோவியத் கொடியின்கீழ் ஓரணி நின்ற இடத்தில், இப்போது ரஷ்யாவும் கசக்ஸ்தானும் தனித்தனி அணிகளாக வந்து நின்றன.

இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அமெரிக்காவை 38–23 என வென்றது. அது நடைபெற்ற றேபேர்ன் பிளேஸ் மைதானத்திலேதான் 1871இல் ஆண்களின் முதலாவது சர்வதேச றக்பி ஆட்டமும் நடைபெற்றது.

சர்வதேசச் சபையின் முழு அங்கீகாரத்துடன் நடைபெற்ற முதற்போட்டி 1998இல் அம்ஸ்ரர்டாம் நகரில் அமைந்தது. பதினாறு அணிகள் பங்கேற்றன, நியூசிலாந்து வென்றது. 1991, 1994 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளையும் உலகக் கிண்ணங்களாகச் சபை ஏற்றுக்கொண்டது 2009இல்தான். கார்டிஃப்பில் ஆடியவர்கள் தாம் ஆடியது உலகக் கிண்ணமே என்று ஏட்டிற் பதியப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர்.

மூவாயிரத்திலிருந்து எண்பதாயிரம்

1991 முதல் 2025 வரை பத்து உலகக் கிண்ணங்கள் நடந்தேறியுள்ளன. மூன்று நாடுகளே அவற்றை வென்றுள்ளன: நியூசிலாந்து ஆறு தடவைகள், இங்கிலாந்து மூன்று தடவைகள், அமெரிக்கா ஒரு தடவை. பெருந்தொற்றினால் ஓராண்டு பிந்தி 2022இல் ஒக்லண்ட் நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், தொடர்ச்சியாக 30 ஆட்டங்களை வென்று வந்த இங்கிலாந்தை நியூசிலாந்து 34–31 என வீழ்த்தியது.

2025இல் போட்டி இங்கிலாந்துக்கு வந்தது. செப்ரெம்பர் 27ஆந் திகதி இலண்டன் ருவிக்கன்ஹாம் அரங்கில் இங்கிலாந்தும் கனடாவும் இறுதியாட்டத்தில் மோதின. 1991இல் சுமார் 3,000 பேர் கண்ட இறுதியாட்டத்தை இம்முறை அரங்கில் 81,885 பேர் கண்டுகளித்தனர். இங்கிலாந்து 33–13 என வென்றது.

ரொறன்ரோ வாசகர்கள் கனடிய அணியை மறத்தலாகாது. 2019 முதல் முழுநேரச் சம்பளம் பெற்றுவரும் இங்கிலாந்து வீராங்கனைகளின் வசதிகள் அவ்வணிக்கு இருக்கவில்லை. கிண்ணத்துக்கான ஆயத்தச் செலவுக்காக 10 இலட்சம் டொலர் வேண்டிப் பொதுமக்களிடம் கையேந்தினர். அவ்வாறு வந்தவர்களே அரையிறுதியில் நடப்பு வாகையரான நியூசிலாந்தை 34–19 என வென்று இறுதிவரை சென்றனர். முதற்போட்டிக்கு அணிகள் தாமே பணம் திரட்டி வந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்தும், அந்நிலை முற்றாக நீங்கவில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

இன்னொரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். 1991இல் கடிதங்களுடன் அலைந்த நால்வருள் ஒருவரான டெபோரா கிறிஃபின், 2025இல் இங்கிலாந்து றக்பிச் சங்கத்தின் தலைவராகப் பதவியேற்றார். 1871இல் தோன்றிய அச்சங்கத்தின் தலைமைப் பதவிக்கு வந்த முதற் பெண் அவரே.

படிவத்துக்குத் திரும்புவோம்

காயம் பற்றிய பெற்றோரின் அச்சம் அர்த்தமற்றதன்று. மோதலும் வீழ்தலும் இவ்வாட்டத்தின் இயல்பு. தலையில் அடிபட்டால் உடனே களத்தைவிட்டு அகற்றி மருத்துவ கவனிப்புக்கு உட்படுத்த வேண்டும் என்பது இன்று வலியுறுத்தப்படும் விதி. பயிற்றுநர் யார், அடிபட்டால் யார் பார்ப்பார், தடுத்து வீழ்த்தும் முறையை எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்று பாடசாலையிடம் கேட்பது பெற்றோரின் உரிமையும் கடமையுமாகும். மொழி தடையாயின் மகளையே உடனழைத்துச் சென்று கேட்கலாம்.

அவ்விடைகள் திருப்தி தராவிடில் கையொப்பமிட மறுக்கலாம். அது நியாயமான மறுப்பு. ஆனால் "பெண்பிள்ளைக்கு ஏன்?" என்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு மறுக்க எண்ணுவோர், வொட்காப் போத்தல்களையும் மரப்பொம்மைகளையும் சுமந்துகொண்டு ஓர் ஆட்டத்துக்காக அந்நிய நாட்டில் வந்திறங்கிய அப்பெண்களை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த உலகக் கிண்ணம் 2029இல் அவுஸ்திரேலியாவில். அதற்கு இன்னும் காலமுண்டு. மேசையிலுள்ள படிவத்துக்கோ நாளைக் காலைக்குள் விடை சொல்லியாக வேண்டும்.